ஒன்றரைக்கும் ஐந்துக்கும் இடையில்

மட்டக்களப்பில் வேலைக்குப் போகிற தாய்க்கு விடியப்புறம்தான் பாரமான நேரம் என்று எல்லாரும் நினைப்பார்கள். நாலரைக்கு எழும்பிச் சமைத்து, பிள்ளையை வெளிக்கிடுத்தி, ஏழு மணிக்குக் கல்லடிப் பாலத்து நெரிசலுக்குள் நிற்பது பாரம்தான். ஆனால் அந்த நேரம் தாய் பிள்ளையோடு நிற்கிறாள், ஒன்று பிழைத்தால் கையோடு திருத்தலாம். நாள் உடைவது மத்தியானத்தில். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும், சின்ன வகுப்புகள் அதற்கும் முன்னர். அரச அலுவலகம் முடிய நாலேகால். பஸ் பிடித்து வந்து படலையைத் திறக்க ஐந்து மணி. இந்த மூன்றரை மணித்தியாலம் பிள்ளை யார் கையில், எந்த வீட்டில் இருக்கும் என்பதை முதலில் தீர்க்கவேண்டும். விடியச் சமையல், பள்ளிக்கூட வான், லீவு எல்லாவற்றையும் அதன் பிறகுதான் அடுக்கலாம்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு பெண்பிள்ளைக்குப் போகும். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தாய் தகப்பன் அதே வளவில் சின்னதாக ஒரு வீட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள், அடுத்த மகளுக்கு வேலி மாறி இன்னொரு வீடு எழும்பும். அதனால் ஒரு ஒழுங்கைக்குள்ளேயே அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா, மச்சாள் என்று நாலைந்து கதவு திறந்திருக்கும். காத்தான்குடி, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று முஸ்லிம் குடும்பங்களிலும் வீடு மகளுக்குத்தான். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இந்த அமைப்பைப்போல ஒரு பலம் வேறில்லை. ஊரை விட்டு மட்டக்களப்பு நகருக்குள் வாடகைக்கு வருகிறவர்கள் முதலில் இழப்பதும் இதைத்தான். வாடகை 5,000 ரூபாய் கூடினாலும் அம்மாவின் வீட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு கிடைத்தால் அதை எடுங்கள். வான் காசு, பகல் பராமரிப்பு நிலையக் காசு, அவசரத்துக்குப் பிடிக்கிற ஓட்டோக் காசு மூன்றையும் கூட்டிப் பார்த்தால் அந்த 5,000 தெரியவே தெரியாது.

ஆனால் வளவு தானாக நடக்காது. “அம்மா இருக்கிறாதானே” என்ற ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிற வீடுகளில்தான் பிழை வருகிறது. அம்மம்மாவுக்கு அறுபது, அறுபத்தைந்து வயது, சீனியும் பிரஷரும் இருக்கும். மாதம் ஒருதரம் ஆஸ்பத்திரிக் கிளினிக். நம்பர் எடுக்க விடிய ஆறு மணிக்கே போவா. மருந்து எடுத்து வீட்டுக்கு வர ஒரு மணி, சில நாள் இரண்டு மணி. அந்த நாளில் வானால் இறங்குகிற பிள்ளை பூட்டின கதவுக்கு முன்னால் வெயிலில் நிற்கும். ஆகவே கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி விழுந்த அன்றே அதைக் குசினிக் கலண்டரில் சிவப்பால் வட்டம் போடுங்கள். அந்த நாளுக்கு இரண்டாவது வீடு எது என்று முந்தின கிழமையே பேசி வைக்க வேண்டும். வான்காரருக்கும் முதல்நாள் இரவு சொல்லவேண்டும். விடியச் சொன்னால் அவர் வழக்கமான படலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார். அவரில் குற்றமில்லை, கை பழகின வழி அது.

பின்னேரம் பிள்ளைக்கு என்ன என்ன நடக்கவேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி பிரிஜ் கதவில் ஒட்டுங்கள். அம்மம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் வாசிக்கக்கூடிய அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கவேண்டும். சாப்பாடு எந்தச் சட்டியில், வகுப்புக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது, யார் கூட்டிக்கொண்டு போவது, யாரோடு விடக்கூடாது. அதன் கீழே பெரிய இலக்கத்தில் 1990, அம்புலன்ஸுக்கு. 1929, சிறுவர் உதவிக்கு. தாயின் கந்தோர் நம்பரும் அங்கேயே இருக்கவேண்டும். கைத்தொலைபேசியை மட்டும் நம்பினால் கூட்டத்துக்குள் அது சத்தம் நிறுத்திக் கிடக்கும்.

அந்தத் தாளில் ஒரு பக்கத்தை மருந்துக்கு ஒதுக்கவேண்டும். இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லவேணும், ஏனென்றால் இரண்டு வீட்டுக்கு நடுவில் வளர்கிற பிள்ளைக்கு அதிகம் நடக்கிற பிழை இதுதான். பிள்ளைக்கு மத்தியானம் மேல் சுடுகிறது. அம்மம்மா இரண்டு மணிக்குப் பரசிற்றமோல் பாணி கொடுக்கிறா. தாய் ஐந்து மணிக்கு வந்து தொட்டுப் பார்த்து, கேட்காமல் மறுகா ஒரு கரண்டி கொடுக்கிறாள். பரசிற்றமோலின் கணக்கு ஒரு தடவைக்கு உடல்நிறையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளுக்கு நாலு தடவைக்கு மேல் இல்லை. 16 கிலோ பிள்ளைக்கு ஒரு தடவை 240 மில்லிகிராம். போத்தலில் “5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம்” என்று இருந்தால் அது 10 மில்லிலீற்றர். “5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம்” என்று இருந்தால் 5 மில்லிலீற்றருக்குள் முடிந்துவிடும். இரண்டு போத்தலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், அம்மா வீட்டில் ஒன்று, நம் வீட்டில் மற்றது. அங்கே பழகின அளவை இங்கே ஊற்றினால் மருந்து இரட்டிக்கும். அதனால் இரண்டு வீட்டிலும் ஒரே வகைப் போத்தலை வாங்கி வையுங்கள். தேக்கரண்டியை விட்டுவிட்டு, மருந்துக்கடையில் கேட்டு அளவு போட்ட சிறிஞ்சு ஒன்று எடுங்கள். கொடுத்தவர் கொடுத்த நேரத்தைத் தாளில் எழுதவேண்டும். “2.10, பத்து” என்று கிறுக்கினாலே போதும். மழைக்காலத்துக் காய்ச்சலுக்குப் புரூபன், டைக்குளோபினாக் போன்ற நோவு மருந்துகள் கொடுக்கவே கூடாது. டெங்கு என்றால் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் இரத்தம் சோதிக்காமல் இருக்கவும் கூடாது.

கிணறு. மத்தியானம் இரண்டு மணிக்குக் கிழவி கொஞ்சம் கண் அயரும், அது இயல்பு. அந்த நேரத்தில் நாலு வயதுப் பிள்ளைக்கு வளவு முழுக்க விளையாட்டிடம். கட்டு உயரமாக இருந்தாலும் பக்கத்தில் கவிழ்த்து வைத்த வாளி படியாகிவிடும். கம்பி வலை அடித்த இரும்பு மூடி ஒன்றைச் செய்வித்து, பூட்டுப் போட்டு, மோட்டர்க் குழாய்க்கு மட்டும் வெட்டு விடுங்கள். ஒட்டு வேலை செய்கிற பட்டறையில் அளவு கொடுத்தால் ஓரிரண்டு நாளில் செய்து தருவார்கள். இதைச் சம்பளம் வந்த முதல் மாதத்திலேயே செய்யவேண்டும். வாவிக்கரை வீடுகளில் கிணற்றோடு துறைப்பக்கப் படலைக்கும் கொளுக்கி உயரத்தில் வேண்டும்.

இனி குசினி. வேலைநாளில் நாலரைக்கு எழும்பித் தேங்காய் திருவத் தொடங்கினால் ஆறரைக்கு முடியாது. ஞாயிறு பின்னேரம் நாலு தேங்காய் திருவி, ஒரு நாளைக்கு ஒரு பை என்று தட்டையாக அமத்தி உறைநிலைப் பெட்டியில் வையுங்கள். உருண்டையாக வைத்தால் நடுப்பகுதி விடிய இளகாது. தட்டையாக வைத்தது சுடுதண்ணிக்குள் போட்டு ஐந்து நிமிடத்தில் பிழியத் தயாராகும். பால் கொஞ்சம் தண்ணியாகத்தான் வரும், அதனால் சொதிக்கு எடுங்கள், புட்டுக்குப் போடுகிற தேங்காய்ப்பூவை மட்டும் அன்றன்று திருவுங்கள். ருசியில் அது தெரியும்.

சிவப்பரிசி மாவை இரண்டு கிழமைக்கு ஒருதரம் வறுத்து வைத்தால் விடியப் பாதி வேலை முடிந்தது. அரிசியை இரண்டு மூன்று மணித்தியாலம் ஊறவைத்து, வடித்து, மில்லில் கொடுத்து, அரித்து வறுக்கவேண்டும். அள்ளிக் கோடு போட்டால் கோலப்பொடி போல முறியாமல் விழவேண்டும், அதுதான் பதம். சூடு முழுக்க ஆறாமல் பேணிக்குள் போட்டு மூடினால் உள்ளே வேர்த்து நாலாம் நாள் கட்டி பிடிக்கும். இடியப்பத்துக்குக் கொதிதண்ணி, புட்டுக்குக் கொதித்து ஆறின உப்புத்தண்ணி. அவசரத்தில் இரண்டையும் மாற்றி ஊற்றினால் புட்டு களியாகும்.

பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டி ஏன் இடைவேளைக்குள் பழுதாகிறது என்று பல தாய்மாருக்குக் குழப்பம். விடியத்தானே சமைத்தது, எப்படிப் புளித்தது? மூடியைத் திறந்து உள்பக்கத்தைப் பாருங்கள், தண்ணி முத்து முத்தாக நிற்கும். சுடச்சுடப் போட்டு இறுக்கி மூடியதால் ஆவி வெளியில் போகவில்லை. அது திரும்பிச் சோற்றில் விழுகிறது. புத்தகப்பைக்குள் வெக்கை வேறு. தட்டில் பரப்பி, விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் வைத்து, கைக்கு வெதுவெதுப்பு மாறின பிறகு பெட்டியில் போடுங்கள். தேங்காய்ப்பால் கறியும் பச்சைச் சம்பலும் பெட்டிக்கு ஒத்துவராது. வறட்டின பருப்பு, முருங்கையிலைச் சுண்டல், முட்டை, கத்தரிக்காய்ப் பொரியல் பிழைக்காது. சம்பல் கேட்டு அழுகிற பிள்ளைக்குத் தேங்காய்ப்பூவைச் சட்டியில் ஈரம் போக வறுத்து, தேசிக்காயை விட்டுவிட்டு இடித்துக் கொடுக்கலாம்.

மீன் கிழமைக்கு ஒருதரம் வாங்குகிற வீடு என்றால் அன்றே வெட்டிக் கழுவி, உப்பும் மஞ்சளும் பூசி, ஒரு கறிக்கு எவ்வளவோ அவ்வளவாகப் பிரித்து உறைய வையுங்கள். ஒரே பொதியாக உறையவிட்டு, தேவைக்கு இளக்கி, மிச்சத்தைத் திரும்ப உறையவைப்பதுதான் கெடுக்கிறது. அடுத்த நாளுக்கான பொதியை இரவே பிரிஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கவேண்டும். மாரியில் கரண்ட் போனால் உறைநிலைப் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கவேண்டாம். நிறைந்த பெட்டி மூடியபடி இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள்.

கைக்குழந்தை உள்ளவர்களின் கணக்கு வேறு. அரச சேவையில் 84 வேலைநாள் முழுச் சம்பளத்தோடு பிரசவ லீவு, அதன்பிறகு 84 நாள் அரைச் சம்பளத்தில், இன்னும் 84 நாள் சம்பளமில்லாமல். முதலிரண்டையும் சேர்த்தால் பிள்ளைக்கு ஆறு மாதம் தாண்டும். தாய்ப்பால் மட்டும் கொடுக்கவேண்டிய காலம் அதுதான். அரைச் சம்பள மாதங்களில் வங்கிக் கடன் முழுத் தவணையாக வெட்டுப்படும் என்பதை மறந்துவிட்டுக் கடைசியில் நகை அடகுக்குப் போகிறவர்கள் நிறைய. கர்ப்பம் உறுதியான மாதத்திலிருந்தே மூன்று மாதத் தவணைக் காசைத் தனியாகச் சேர்க்கத் தொடங்குங்கள். தாய்மை நலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிற தொழிற்சாலை போன்ற வேலைத்தலங்களில் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்க்குப் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக்கான இடம் அங்கேயே இருந்தால் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். கேட்காத இடத்தில் யாரும் தானாகத் தரமாட்டார்கள்.

பால் எடுத்து வைத்துவிட்டுப் போகிறவர்கள், “அறைக்குள் நாலு மணித்தியாலம் இருக்கும்” என்ற கணக்கை அப்படியே நம்பாதீர்கள். அது 25 பாகைக்கு உட்பட்ட அறைக்குச் சொன்னது. சித்திரை வைகாசியில் எங்கள் வீட்டுக்குள் 30ஐத் தாண்டும். எடுத்த கையோடு பிரிஜின் உள்பக்கம் வையுங்கள், கதவுத் தட்டில் வேண்டாம். உள்பக்கத்தில் நாலு நாள் இருக்கும். 60 மில்லிலீற்றராகச் சின்னச் சின்னப் போத்தலில் திகதி எழுதி வைத்தால் கொட்டுகிற பால் குறையும். சுடுதண்ணிக் கோப்பைக்குள் வைத்துத்தான் இளஞ்சூடாக்கவேண்டும், அடுப்பில் வைக்கக்கூடாது. பிள்ளை குடித்து மிஞ்சியதை இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு கொடுக்கக்கூடாது. இதை அம்மம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும், ஏனென்றால் பால் கொட்ட அவவுக்கு மனம் வராது. தடுப்பூசிக்கு 2, 4, 6, 9, 12, 18 மாதங்களில் கிளினிக் வரும். அந்த ஆறு நாளையும் பிறப்புத் திகதியிலிருந்து எண்ணி, வருடத் தொடக்கத்திலேயே லீவுக் கணக்கில் ஒதுக்குங்கள். ஊசி போட்ட இரவு பிள்ளை அனுங்கும், அடுத்த நாள் முக்கியமான அலுவல் எதையும் வைக்கவேண்டாம்.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடும் மேற்கே படுவான்கரையில் பள்ளிக்கூடமுமாக ஓடுகிற ஆசிரியைகளின் பாடு தனி. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை பாதை என்கிற மிதவைப் படகுக்குக் காத்து நின்று வாவியைக் கடந்தார்கள். பாலம் வந்து அந்தக் காத்திருப்பு போனது, தூரம் போகவில்லை. ஏழரைக்குக் கையொப்பம், பிந்தினால் சிவப்புக் கோடு. ஐந்தே முக்காலுக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டால் சொந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது வேறொருவர். இவர்களுக்கு மத்தியான இடைவெளி சின்னது, விடிய இடைவெளி பெரிது. நாலைந்து பேர் சேர்ந்து மாத வாடகைக்கு வான் பிடித்தால், மாரி மழைநாளில் யார் ஏறவில்லை என்றாலும் பங்கு குறையாது என்பதை முதல் மாதமே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தில்தான் கூட்டு முறிகிறது.

காசுப் பக்கத்தில் பெண்கள் நம்புவது சீட்டு. பத்துப் பேர், மாதம் 10,000, ஆளுக்கு ஒரு முறை ஒரு லட்சம். தையில் புத்தகப்பை, சப்பாத்து, உடுப்பு, வகுப்புக் காசு ஒன்றாக வரும். ஆகவே மார்கழி முறையைக் கேட்டு எடுங்கள். சீட்டு முறிகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: முதல் முறைகளில் எடுத்தவர் இடமாற்றம் கிடைத்துப் போய்விடுவார். இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்தவருக்குக் கடைசி முறைகளைக் கொடுப்பது நியாயம், அதில் மனத்தாங்கல் வேண்டாம். கொப்பியில் ஒவ்வொரு மாதமும் பத்துப் பேரும் கையெழுத்து வைக்கவேண்டும். சீட்டைக் கட்ட நுண்கடன் எடுக்கவே கூடாது. கிழமைக்குக் கிழமை தவணை, மாதச் சம்பளம். இரண்டும் ஒருநாளும் பொருந்தாது.

அம்மம்மாவுக்கு மாதம் ஒரு தொகையைக் கையில் கொடுங்கள். “என்னத்துக்கு மகள், நான் என்ன கூலிக்கா பாக்கிறன்?” என்று வாங்க மறுப்பா. கூலி என்று சொல்லாமல் மருந்துக்கு, கோயிலுக்கு என்று வையுங்கள். பார்க்கிற சின்னம்மாவுக்கோ மச்சாளுக்கோ அப்படியே. வெளிநாட்டில் நிற்கிற தகப்பனும் இதில் பங்கெடுக்கலாம். கட்டாரிலிருந்து கொண்டே பள்ளிக்கூட வட்ஸ்அப் குழுவை அவர் கவனித்து, எந்த நாள் என்ன கொண்டுபோகவேண்டும் என்று முதல்நாள் பின்னேரம் சொல்வது ஒரு முழுப் பொறுப்பு. ஊரில் நிற்கிற தகப்பனுக்கு வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்காமல் ஒன்றை முழுதாகக் கொடுங்கள். வான் என்றால் வான்காரரின் நம்பர், மாதக் காசு, பள்ளி லீவு மாதத்துக் கணக்கு எல்லாம் அவரிடம்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்தால் ஊரின் நேரமே மாறும். அம்மம்மாவும் சின்னம்மாவும் கோயிலில் நிற்பார்கள், வீட்டில் மீன் இறைச்சி இல்லை, பிள்ளை இரவு பதினொரு மணிக்கும் விழித்திருக்கும். சடங்கு முடிகிற குளிர்த்தி நாளுக்கும் அதற்கடுத்த நாளுக்கும் லீவைப் பங்குனியிலேயே எழுதிக் கொடுங்கள். ஒரே கந்தோரில் ஒரே ஊர்ப் பெண்கள் நாலு பேர் இருந்தால் பிந்திக் கேட்டவருக்குக் கிடைக்காது. காத்தான்குடிப் பக்கத்துத் தோழிகளுக்கு நோன்பு மாதம் இதே மாதிரி. அந்த மாதத்துப் பின்னேரக் கூட்டத்தை அவர்களுக்காக முன்னுக்கு எடுத்துக் கொடுத்தால், சடங்குக்கு நமக்காக அவர்கள் நிற்பார்கள்.

கார்த்திகை தொடங்கித் தை வரை மழை. உன்னிச்சைக் குளத்தில் மிஞ்சின தண்ணியை விடுகிற வான்கதவு திறக்கிற செய்தி வந்தால் படுவான்கரை வீதிகளில் தண்ணி ஏறும். அன்று போக்குவரத்தை நம்பி ஒழுங்கு வைக்கக்கூடாது. வீதிக்கு மேலே தண்ணி ஓடினால், அது முழங்கால் அளவுதான் என்று யார் சொன்னாலும் பிள்ளையை ஏற்றின வாகனம் அதைக் கடக்கக்கூடாது. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தில் வீட்டுக்குத் திரும்பிய மதரசாப் பிள்ளைகளை வெள்ளம் அள்ளிக்கொண்டு போனது. வான்காரரோடு மழைக்காலத்துக்கு முன்னரே ஒரு பேச்சு வையுங்கள்: தண்ணி கண்டால் திருப்பு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலேயே விடு, எனக்கு ஒரு அழைப்பு எடு. பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு தோழி அல்லது சொந்தக்காரியின் பெயரை வகுப்பாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து வைத்தால் அவவிடம் பிள்ளையை ஒப்படைப்பார்கள். புத்தகப்பையின் அடியில் ஒரு பொலித்தீன் பைக்குள் மாற்றுடுப்பு, சின்னத் துவாய், ஒரு பிஸ்கட் பக்கற், இரண்டு தொலைபேசி நம்பர் எழுதிய தாள். மாதம் ஒருதரம் பிஸ்கட்டை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அது எறும்புக்குத்தான்.